மேட்டில் கொடுத்தது இறக்கத்தில் கிடைக்கும், சரளையில் கொடுத்தது?

கங்கைகொண்டானில் நாற்கரச் சாலையை விட்டு வயல் பக்கம் சைக்கிளைத் திருப்பினால் தார் முடிந்து செம்மண் சரளை தொடங்கிவிடும். ஒரு மேடு, அதன்மேல் நாலைந்து உடை மரங்கள். ஓர் இறக்கம், அதன் அடியில் ஒரு குளத்துக்கரை. மறுபடியும் மேடு. இப்படியே ஏறி இறங்கி, சிற்றாற்றின் போக்கிலேயே தென்கிழக்கே போனால் சீவலப்பேரி வரும். குற்றால மலையில் பிறந்த சிற்றாறு அங்கேதான் தாமிரபரணியில் சேர்கிறது.

இந்த மாதிரிப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுவது இன்றைக்கு உலகப் போட்டியாகவே ஆகிவிட்டது. சரளைப் பாதை சைக்கிளுக்கான முதல் உலக சாம்பியன் போட்டி 2022இல் இத்தாலியில் நடந்தது. நம் ஊரிலோ பள்ளிக்கூடத்துக்கும் வயலுக்கும் தினமும் இப்படித்தான் போகிறோம். பரிசுதான் யாரும் தருவதில்லை!

சரி, ஒரு கேள்வி. தார்ச் சாலையில் மூன்று கிலோமீட்டர் மிதித்தாலும் வராத களைப்பு, சரளையில் ஒரே கிலோமீட்டரில் வந்துவிடுகிறதே, ஏன்?

“மேடு இருக்குல்லா, அதான்” என்பீர்கள். பாவம், மேட்டின் மேல் பழி போடாதீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் எடை 35 கிலோ, சைக்கிள் 15 கிலோ என்று வையுங்கள். மொத்தம் 50 கிலோ. இதை 5 மீட்டர் உயரமுள்ள மேட்டில் ஏற்ற எவ்வளவு ஆற்றல் வேண்டும்? நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்க வேண்டும். புவியீர்ப்பு முடுக்கத்தைச் சுமாராக 10 என்று கொண்டால், 50 × 10 × 5 = 2,500 ஜூல். ஆனால் அந்த 2,500 ஜூல் எங்கும் போய்விடவில்லை. மேட்டு உச்சியில் நிற்கும்போது அது நிலை ஆற்றலாக உங்களிடமே இருக்கிறது. இறக்கத்தில் பெடலை மிதிக்காமலே சைக்கிள் ஓடுகிறதே, அது மேடு திருப்பிக் கொடுத்த ஆற்றல்தான்.

இப்போது சமதளத்துக்கு வருவோம். டயரில் காற்று கெட்டியாக இருக்கிறது. பாதையில் ஒரு சின்னக் கல். சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கும்போது நீங்களும் சைக்கிளும் வெறும் 1 மில்லிமீட்டர் தூக்கப்படுகிறீர்கள் என்று கொள்வோம். 50 × 10 × 0.001 = அரை ஜூல். “பூ, இவ்வளவுதானா!” என்று தோன்றும். 20 சென்டிமீட்டருக்கு ஒரு கல் என்றால் ஒரு கிலோமீட்டரில் 5,000 கற்கள். பெருக்குங்கள்: 2,500 ஜூல்! அந்த 5 மீட்டர் மேட்டுக்குக் கொடுத்த அதே அளவு.

இது கணக்கு புரிவதற்காகச் சொன்னது. உண்மையில் ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு விதமாக இருக்கும். ஆனால் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. கல்லில் ஏறி ‘தொம்’ என்று விழும்போது, கொடுத்த ஆற்றலில் பெரும்பகுதி அதிர்வாகிவிடுகிறது. கை கிடுகிடுக்கிறது, தொடைச் சதை குலுங்குகிறது, மட்கார்டு கடகடக்கிறது, கல் நகர்ந்து உரசுகிறது. கடைசியில் எல்லாம் கொஞ்சம் வெப்பமாகவும் சத்தமாகவும் கரைந்துபோகும். மேடு திருப்பித் தரும், சரளை தராது.

இந்த இழப்பைக் குறைக்க வழி உண்டா? 1888இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் ஒரு வழி கண்டார். அப்போது சைக்கிளுக்குக் கெட்டி ரப்பர் டயர்தான். தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்கு அவர் காற்றடைத்த ரப்பர் குழாயைச் சுற்றிக் கட்டினார். மறு ஆண்டே வில்லி ஹியூம் என்ற வீரர் காற்று டயர் போட்ட சைக்கிளில் பந்தயம் ஓட்டி வென்றார்.

காற்று டயர் செய்யும் வேலை எளிமையானது. கல் வந்தால் டயர் தான் உள்ளே அமுங்கிக்கொள்கிறது. கல்லைச் சுற்றி ரப்பர் வளைகிறது. மேலே இருக்கும் 50 கிலோ ஏறி இறங்க வேண்டியதில்லை. அமுங்கிய காற்று உடனே விரிந்து, வாங்கிய ஆற்றலில் பெரும்பங்கைத் திருப்பியும் தருகிறது.

ஆனால் காற்றைக் கெட்டியாக அடித்துவிட்டால் டயர் அமுங்காதே! அதனால்தான் சரளையில் ஓட்டப்போகிறவரிடம் சைக்கிள் கடை அண்ணாச்சி, “ரொம்ப அடிக்காதலே, தூக்கிப் போட்டுரும்” என்பார். அடியோடு குறைத்தாலும் ஆபத்து. கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிப் பஞ்சராகும். அகலமான டயரில் ரிம்முக்கும் தரைக்கும் இடைவெளி அதிகம். எனவே காற்றைச் சற்றுக் குறைத்தும் துணிந்து ஓட்டலாம். தார்ச் சாலைப் பந்தய சைக்கிளின் டயர் 25 முதல் 28 மில்லிமீட்டர் வரை இருக்கும். சரளை சைக்கிளுக்கு 40 மில்லிமீட்டர் அளவில் போடுகிறார்கள். நம் பால்காரர் ஓட்டும் பெரிய சைக்கிளின் டயரில் ‘28 × 1½’ என்று எழுதியிருக்கும், பாருங்கள். ஒன்றரை அங்குலம் என்பது சுமார் 38 மில்லிமீட்டர். கரடுமுரடான பாதைக்கு ஏற்ற டயர் நம்மிடம் முன்பே இருக்கிறது!

பாதையையும் குனிந்து பாருங்கள். செம்மண் மேட்டில் கிடக்கும் வெங்கச்சங்கல் கூர்முனையோடு இருக்கும். அது அதிக தூரம் பயணம் போகாத கல். கூர்முனைகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதால் பாதை இறுகி நிற்கிறது. சிற்றாற்றங்கரையில் கிடப்பவையோ வெள்ளத்தில் உருண்டு உருண்டு வழவழப்பான கூழாங்கற்கள். ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாமல் சக்கரத்தின் அடியில் நழுவும். அங்கே சட்டென்று பிரேக் பிடிக்கக் கூடாது. வடக்கே கயத்தாறு பக்கம் கரிசல் மண். மழை பெய்தால் அது தண்ணீரைக் குடித்து உப்பி, சக்கரத்தோடு சுற்றிவந்து மட்கார்டுக்குள் அடைத்துக்கொள்ளும்.

லாரியும் டிராக்டரும் விரைந்து ஓடும் மண் பாதையில் குறுக்கே வரிவரியாக அலைகள் விழுந்திருக்கும். அது எப்படி? பிரான்ஸ், கனடா, பிரிட்டன் ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு வட்ட மேடையில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு சக்கரத்தை ஓடவிட்டுப் பார்த்தார்கள். 2007இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு சின்ன மேட்டில் ஏறிய சக்கரம் துள்ளி, அடுத்துப் போய் மணலில் பள்ளம் பறிக்கிறது. முன்னால் தள்ளிய மணல் புது மேடாகிறது. அடுத்த சக்கரம் அதே இடத்தில் துள்ளுகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே ஓட்டினால் அலை வருவதே இல்லை!

செய்து பாருங்கள்

1. ஒரு வரைபடத் தாளைத் தரையில் விரியுங்கள். முன் டயரின் அடியில் நீர்வண்ணம் பூசுங்கள். நண்பர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் சீட்டில் உட்கார்ந்து சக்கரத்தைத் தாள்மேல் நேராக இறக்குங்கள். பதிந்த தடத்தைச் சுற்றிக் கோடு போட்டுக் கட்டங்களை எண்ணி, பரப்பைச் சதுர அங்குலத்தில் கண்டுபிடியுங்கள். மொத்தம் 50 கிலோ என்றால் 110 பவுண்டு. முன் சக்கரத்துக்குப் பாதி என்று கொண்டால் 55 பவுண்டு. தடம் ஒரு கேரம் காய் அளவுக்கு, சுமார் ஒரு சதுர அங்குலம் இருந்தால், டயரில் ஏறக்குறைய 55 பவுண்டு காற்று. இரண்டு சதுர அங்குலம் என்றால்? ஆமாம், பாதிதான். காற்றழுத்தமானி இல்லாமலே சுமாராக அளந்துவிட்டீர்கள்! (பின் சக்கரத்தில்தான் சுமை கூடுதல், அதையும் பதிந்து பாருங்கள்.)

2. பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வண்டி வராத சரளை இறக்கத்துக்குப் போங்கள். ஒரே இடத்திலிருந்து மிதிக்காமல் உருளவிட்டு, சைக்கிள் எங்கே நிற்கிறது என்று கோடு போடுங்கள். காற்றைக் கொஞ்சம் குறைத்து மறுபடியும், இன்னும் கொஞ்சம் குறைத்து மறுபடியும் செய்யுங்கள். ரிம் தரையில் இடிக்கும் அளவுக்குக் குறைக்க வேண்டாம். கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயத்தின் பக்கம் இந்த வேலை வேண்டாம். 2013இல் அறிவிக்கப்பட்ட அந்தக் காடு மான்களின் இடம்.

எந்த அளவுக் காற்றில் சைக்கிள் அதிக தூரம் உருண்டதோ, அதுதான் அந்தப் பாதைக்கும் உங்கள் எடைக்கும் பொருத்தமான காற்று. அதையே தார்ச் சாலையிலும் செய்தால் விடை மாறும். தங்கச்சியைக் கேரியரில் ஏற்றிக்கொண்டாலும் மாறும். ஏன் என்பதை இனி நீங்களே அவளுக்குச் சொல்லலாம்.