மடி வேறு, பிணி வேறு

வள்ளுவப் பெருந்தகை மடியின்மைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். வகுப்பறையில் கண்ணயரும் மாணவரைக் கண்டதும் நம் நாவில் எழும் முதற்சொல்லும் 'சோம்பேறி' என்பதே. 'கும்பகர்ணன்' என்னும் பட்டப்பெயரும் உடன் வந்து சேர்கிறது. ஆயினும், தலை சாய்ப்போர் அனைவரும் மடியுடையோர் அல்லர். அவருள் சிலர் நார்கோலெப்சி என்னும் தீராத துயில் நோய்க்கு ஆளானவர் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

1880-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் ஜெலினோ இந்நோய்க்குப் பெயரிட்டார். காரணம் புலப்படவோ ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. விழிப்பை நிலைநிறுத்தும் ஒரெக்சின் என்னும் மூளைப்பொருள் 1998-இல் கண்டறியப்பட்டது. அதனைச் சுரக்கும் நரம்பணுக்கள் இந்நோயாளருள் பலருக்கு அழிந்துபோயிருத்தல் 2000-ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. எண்ணெய் வற்றிய விளக்கை ஒளிரவில்லையென வைது பயன் என்ன?

ஏறத்தாழ 2,000 பேரில் ஒருவரைப் பற்றும் இந்நோய், பெரும்பாலும் 10 முதல் 20 வயதுக்குள், அதாவது பள்ளிப் பருவத்திலேயே, தலைகாட்டுகிறது. இரவில் உறங்கியும் பகலில் அடக்கவொண்ணா உறக்கம் வரும். எழுதும் கை நில்லாமலே கண் அயரும். குறிப்பேட்டில் எழுத்துகள் வெறுங்கோடுகளாய்ச் சரியும். வாய்விட்டுச் சிரிக்குங்கால் சிலருக்கு முழங்கால் தளர்ந்து உடல் சாயும். நினைவு மட்டும் தெளிவாயிருக்கும். இது வலிப்பும் அன்று, நடிப்பும் அன்று. துயிலின் விளிம்பில் கைகால் அசையாமற் போதலும் உண்டு. அதனைப் பேய் அமுக்கிற்று என்று கூறித் தாயத்துத் தேடி அலைவதினும், நரம்பியல் மருத்துவரை நாடுவதே அறிவுடைமை. இரவு முழுதும் துயிலை அளந்து, மறுநாள் இரண்டு மணிக்கு ஒருமுறையாக ஐந்து குறுந்துயில்களையும் அளந்து நோயை உறுதி செய்வர். முற்றாகத் தீர்க்கும் மருந்து இல்லை; தணிக்கும் மருந்துகள் உள.

மருந்து செய்யாத பணியைப் பள்ளி செய்ய இயலும். நண்பகலில் 15 அல்லது 20 நிமிடம் ஓர் அறையில் உறங்க விடுதல் பிள்ளைக்குச் சில மணி நேர விழிப்பைத் தரும். தவறிய பாடத்தை உடன் பயில்வோரின் குறிப்பிலிருந்து பெறச் செய்யலாம். பள்ளித் தேர்வில் இடையே ஓய்வும், அதற்கீடான கூடுதல் நேரமும் வழங்கலாம். நீச்சலிலும் ஆய்வகத் தீயருகிலும் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தும் தண்டனை இப்பிள்ளைக்கு வீழ்ச்சியாய் முடியும். உடல் தளர்ந்து சாய்ந்தால் தலையில் அடிபடாது தாங்கிச் சற்றே காத்திருப்பின் போதும். பெரும்பாலும் இரண்டொரு நிமிடத்தில் தெளியும்.

பெரியோர்க்கும் ஒரு சொல். இது தொற்றுநோய் அன்று. அறிவைக் குறைப்பதும் அன்று. ஆயினும், பெண்பிள்ளையாயின் வரன் அமையாதென அஞ்சி நோயை மறைப்பதும், மகனாயின் படிப்பு ஏறவில்லையெனப் பள்ளியை விட்டு நிறுத்துவதும் நம்மிடையே நிகழக்கூடியவையே. மறைத்த நோய்க்கு மருத்துவமும் இல்லை, பள்ளியின் துணையும் இல்லை. இழப்பதோ ஒரு பிள்ளையின் கல்வி.

மடியைக் கடிந்து திருத்தலாம். பிணியை அறிந்தே தாங்க வேண்டும். உறங்கும் பிள்ளையை அதட்டி எழுப்புமுன், "இரவில் நன்றாக உறங்கினாயா?" என்று கனிவுடன் வினவுவோம். அவ்வொரு வினாவே மருத்துவத்திற்கு வாயிலாதல் கூடும்.