ரோடு ஒன்று, ரசீது இரண்டு!

சிவகாசியிலிருந்து விஸ்வநத்தத்துக்குப் போகிறவருக்கு, நகரம் எங்கே முடிந்தது, கிராமம் எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. வீட்டை ஒட்டி வீடு. கடையை ஒட்டிக் கடை. பட்டாசுப் பெட்டி ஏற்றிய லாரிக்கு இரண்டும் ஒரே ஊர்தான். ஆனால் 2021-ம் ஆண்டில் வீட்டு வரி ரசீதை வாங்கிப் பார்த்திருந்தால், சங்கதி வேறு என்று தெரிந்திருக்கும். நகரத்து ரசீது ஒன்று, ஊராட்சி ரசீது ஒன்று!

1920-ல் நகராட்சியான சிவகாசி, 2021 அக்டோபரில் மாநகராட்சி ஆயிற்று. தாம்பரம், காஞ்சிபுரம், கும்பகோணம், கரூர், கடலூர் ஆகிய ஊர்களுக்கும் அதே ஆண்டில் அந்த யோகம் அடித்தது. பக்கத்திலிருந்த திருத்தங்கல் நகராட்சி சிவகாசியோடு சேர்ந்தது. நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று திருத்தங்கல். இருந்தும் புதிய பெயர்ப் பலகையில் அதற்கு இடமில்லை. ஊர்க்காரர்கள் முணுமுணுத்தால் யார் குற்றம் சொல்வார்கள்?

மேயர் யார்?

48 வார்டுகளுக்கும் 2022 பிப்ரவரி 19-ல் ஓட்டுப் பதிவு நடந்தது. மேயர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் மேயரைத் தேர்ந்தெடுக்க ஜனங்களுக்கு ஓட்டு இல்லை, கவுன்சிலர்களுக்குத்தான் உண்டு. ஆகவே ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் உண்மையான அரசியல் சூடு பிடித்தது. அ.தி.மு.க. சின்னத்தில் ஜெயித்த கவுன்சிலர்கள் பலர், மேயர் தேர்தல் வருவதற்கு முன்பே தி.மு.க.வில் சேர்ந்துவிட்டார்கள். ஓட்டுப் போட்டவர் விரலில் வைத்த மை காய்ந்ததோ இல்லையோ! மார்ச் 4-ல் தி.மு.க.வைச் சேர்ந்த சங்கீதா முதல் மேயர் ஆனார்.

இந்த முறையும் நிலையானதல்ல. 1996, 2001, 2011 ஆண்டுகளில் மேயரை ஜனங்களே நேராகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-ல் அந்த உரிமை கவுன்சிலர்களுக்குப் போயிற்று. 2019 நவம்பரில் வந்த அவசரச் சட்டம் மறுபடியும் அதையே செய்தது. ஆட்சிக்கு வருகிறவருக்கு எது சௌகரியமோ, அதுவே ஜனநாயகம் என்று ஆகிவிட்டது போலும்.

கிராமத்துக் கணக்கு

ஊராட்சியில் கதையே வேறு. 2019 டிசம்பர் தேர்தலில் கிராமத்து ஜனங்கள் தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். ஊராட்சித் தலைவருக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. எனவே கட்சி மாற வழியும் இல்லை. சண்டை மட்டும் உண்டு. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர் கையெழுத்தோடு துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும். இருவருக்கும் ஆகாது என்றால், குடிதண்ணீர்க் குழாய் ரிப்பேரும் காத்துக் கிடக்கவேண்டியதுதான்!

மாநகராட்சி பிறந்தபோதே, சுற்றியுள்ள ஊராட்சிகளையும் அதில் சேர்க்கும் பேச்சு எழுந்தது. சேர்ந்தால் பெரிய ரோடு, பாதாளச் சாக்கடை எல்லாம் வரும் என்பது ஒரு கட்சி. வரி ஏறும், கிராமத்துக்கு உரிய வேலைத் திட்டம் போகும், கிராம சபை போகும் என்பது மறு கட்சி. நகரங்களில் 2022 நவம்பர் முதல் பகுதி சபை கூடியது உண்மை. ஆனால் அங்கே எழுந்து நின்று கேட்கிறவர், தான் ஓட்டுப் போட்டு மேயராக்கிய ஒருவரைக் கேட்க முடியாது.

இந்த வாதம் முடிவதற்குள், 2025 ஜனவரி 5-ல் ஊராட்சித் தலைவர்களின் பதவிக் காலம் முடிந்தது. புதிய தேர்தல் நடக்கவில்லை. பொறுப்பு தனி அலுவலர்களான வட்டார வளர்ச்சி அலுவலர்களிடம் போயிற்று. தெரு விளக்கு எரியவில்லை என்றால் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டிய விஸ்வநத்தத்துக்காரர், ஒன்றிய அலுவலகத்தின் படி ஏறவேண்டியதாயிற்று. அந்த ஒன்றியத்தின் பெயரும் சிவகாசிதான்!