பத்தும் நான்கும்

சென்னையிலிருந்து மருத்துவம் பயிலச் சீனம் சென்றோர் பலர். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் நோயாளியிடம் பேசச் சீனமொழி வேண்டுமல்லவா? அவர்கள் கற்பது பெய்ஜிங் ஒலிப்பை ஒட்டி, 1956 முதல் அரசு நாடெங்கும் பரப்பிய மாண்டரின். செங்டு நகரத்து முதியவர் பேசுவதோ சிச்சுவான் மாண்டரின்!

பாடத்தில் பத்து 'ஷி', குரல் ஏறும். நான்கு 'ஸி', குரல் இறங்கும். செங்டுவில் நாக்கை மடித்து ஒலிக்கும் வழக்கமில்லை, பத்தும் 'ஸி'தான். போதாக்குறைக்குக் குரலும் இறங்கும். பத்து நாள் காய்ச்சல் என்பார் முதியவர். புதிய மாணவர் காதில் நான்கு நாளாக விழும்.

மயிலாப்பூர்க் கடைத்தெருவில் 'வாயப்பயம்' என்றாலும் வாழைப்பழம் கிடைத்துவிடும். அங்கே மருந்தல்லவா மாறும்? நல்லவேளை, சீனரிடம் கைக்கணக்கு உண்டு: நான்குக்கு நான்கு விரல், பத்துக்கு இரு சுட்டுவிரல்களையும் குறுக்காக வைத்துக் காட்டுவார்கள்.