வீடும் நிலமும் – 7: மேட்டைச் சமமாக்காத வீடுகள்

சிறிய வீட்டின் வெளித்தோற்றத்தை முதலில் தீர்மானிப்பது மனையின் சரிவு. அடுத்து, மழைச்சாரல் அடிக்கும் திசை, காற்று வரும் வழி, ஏற்கெனவே நிற்கும் மரங்கள், பக்கத்தில் கிடைக்கும் கல்லும் மண்ணும். பெயின்ட்டுக்கும் டைல்ஸுக்கும் கடைசி இடம்தான். இன்று இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. ‘எலிவேஷன்’ படத்தை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அதை நிறுத்துவதற்காக மேட்டை வெட்டுகிறார்கள், பள்ளத்தைத் தூர்க்கிறார்கள், மரத்தைச் சாய்க்கிறார்கள். வரிசை மாறாமல் கட்டினால் சிறிய வீடு எப்படி அமையும் என்று பார்க்க, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் கட்டிய வீடுகளைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

பேக்கர் 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். மருத்துவரான மனைவி எலிசபெத்துடன் இமயமலைப் பகுதியான பித்தோராகரில் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தார். அங்குள்ள மக்கள் சொந்த மலையின் கல், மண், மரம் கொண்டு கட்டியிருந்த வீடுகள் அந்தக் குளிருக்கும் சரிவுக்கும் எவ்வளவு பொருந்தின என்பதை அங்கேதான் கண்டார். 1960-களில் கேரளம் வந்து, பின்னர் திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்டார். 1989-இல் இந்தியக் குடியுரிமை பெற்றார், 1990-இல் பத்மஸ்ரீ விருது வந்தது, 2007-இல் மறைந்தார். வீட்டுக்கான பொருள்கள் ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்ற காந்தியின் கருத்து, கடைசிவரை அவருடைய வேலைக்கு அளவுகோலாக இருந்தது.

திருவனந்தபுரம் மேடும் பள்ளமுமான ஊர். சரிவான மனையில் வீட்டின் நீளப் பக்கத்தைச் சரிவுக்குக் குறுக்காக, அதாவது ஒரே உயரத்தில் ஓடும் கோட்டை ஒட்டி வைத்தால், வெட்டும் மண்ணும் குறைவு, நிரப்பும் மண்ணும் குறைவு. அதே வீட்டை மேலிருந்து கீழாக நீட்டிப் போட்டால், ஒரு முனையில் ஆழமாகத் தோண்டி மறுமுனையில் உயரமாகத் தாங்குசுவர் எழுப்ப நேரும். செலவு கூடுவது ஒருபக்கம் இருக்க, கீழிருந்து பார்ப்பவருக்கு அது கோட்டைச் சுவராகத் தெரியும். நாலாஞ்சிறாவில் பேக்கர் தனக்கென்று கட்டிக்கொண்ட ‘ஹேம்லெட்’ வீடு பாறை நிறைந்த செங்குத்தான சரிவில் இருக்கிறது. பாறையை உடைத்துத் தரையைச் சமமாக்கவில்லை. சிறிதாகத் தொடங்கி, தேவைப்பட்டபோது ஓர் அறை, இன்னோர் அறை என்று பாறைக்கும் மரத்துக்கும் இடம்விட்டு வளர்ந்த வீடு அது. உடைத்த பழைய வீடுகளின் மரச்சட்டங்களும் ஓடுகளும் அதில் மறுபடி வேலைக்கு வந்தன.

அஸ்திவாரத்துக்கு மேல் சுவர் எழும் இடம் பலர் கவனிக்காதது. வழக்கமாக அகலமான பேஸ்மட்டத்தின் நடுவில் 9 அங்குலச் சுவரை ஏற்றுவார்கள். அப்போது சுவருக்கு வெளியே ஒரு படி போல விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். சுவரில் வழிந்து வரும் மழைநீர் அந்த விளிம்பில் தேங்கி, இணைப்பு வழியாக உள்ளே கசியும். சில மழைக்காலங்களில் சுவரின் அடி பாசி பிடித்துக் கறுத்துவிடும். பேக்கர் சுவரின் வெளிமுகத்தையும் பேஸ்மட்டத்தின் வெளிமுகத்தையும் ஒரே நேராக வைக்கச் சொன்னார். நீர் நிற்காமல் வழிந்து தரைக்குப் போய்விடும். வீடு தரையிலிருந்தே எழுந்து வந்ததுபோல் தெரிவதும் இதனால்தான்.

சுவர், பூச்சில்லாத செங்கல். நாட்டுச் சூளையில் வெந்த கல் எல்லாம் ஒரே நிறமாக இராது. நெருப்புக்கு அருகில் இருந்தது கருஞ்சிவப்பு, தள்ளி இருந்தது இளஞ்சிவப்பு. அந்த ஏற்ற இறக்கத்தை மறைக்காமல் விட்டால், சுற்றிலும் உள்ள செம்மண்ணோடு சுவர் தானாகச் சேர்ந்துகொள்கிறது. பூச்சுச் செலவும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்கும் செலவும் மிச்சம். ஆனால் பூச்சு இல்லை என்றால் பிழையை மறைக்க இடமில்லை. வரிசை நேராக, இணைப்புகள் ஒரே தடிமனாக வர வேண்டும்; கொத்தனாரின் கைத்திறனுக்கு உரிய கூலியும் மரியாதையும் இங்கேதான் தெரியும். பேக்கர் அதிகம் பயன்படுத்திய ‘எலிப்பொறிக் கட்டு’ முறையில் செங்கல்லைப் படுக்கவைக்காமல் குத்தாக நிறுத்துகிறார்கள். வெளிவரிசைக்கும் உள்வரிசைக்கும் நடுவே வெற்றிடம் கிடைக்கும். செங்கல் ஏறக்குறைய 25 சதவீதம் குறைகிறது, வெயிலின் சூடும் எளிதில் உள்ளே இறங்குவதில்லை.

ஜன்னல் என்றால் சட்டம், கதவு, கம்பி, கண்ணாடி என்று செலவு ஏறிக்கொண்டே போகும். அந்த இடத்தில் செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கினால் ஜாலிச் சுவர். கண்ணைக் கூசும் வெளிச்சம் சிறு சிறு துண்டுகளாக உடைந்து உள்ளே விழும், காற்று தடையின்றிப் போகும். பகலில் உள்ளிருப்பவருக்கு வெளி தெரியும். வெளியிலிருப்பவருக்கு உள்ளே எளிதில் தெரியாது. 1970-களில் திருவனந்தபுரத்தின் பூந்துறை மீனவர்களுக்காக அவர் வடிவமைத்த சிறிய வீடுகளில் இதன் முழுப் பயனையும் பார்க்கலாம். சாய்வான கான்கிரீட் கூரை, சுவரில் நீளமாக ஓடும் ஜாலி, அதன் வழியே கடல்காற்று. வீடுகளை ஒரே நேர்கோட்டில் வரிசையாக வைக்காமல் முன்னும் பின்னுமாக நகர்த்தி வைத்ததால், ஒரு வீடு இன்னொன்றின் காற்றை மறிக்கவில்லை. இடையில் உண்டான முற்றங்கள் வலை உலர்த்தவும் பிள்ளைகள் விளையாடவும் ஆயின. மிகக் குறைந்த செலவில் கட்டும் வீட்டுக்கும் கடலைப் பார்க்கும் உரிமை உண்டு என்று நினைத்து வரையப்பட்ட திட்டம் அது. அரசுக் குடியிருப்புகளில் இன்றும் அதைப் பின்பற்றாதது பெரிய இழப்பு.

பூச்சில்லாத சுவரும் திறந்த ஜாலியும் பிழைப்பது கூரையின் தயவால். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் இறவாணம் நன்றாக வெளியே நீண்டு, சுவரை நனையாமலும் வெயில் படாமலும் காக்க வேண்டும். கூரையின் உச்சியில் ஒருபக்கம் திறந்த கூம்பு போன்ற அமைப்பை வைத்துச் சூடான காற்றை வெளியேற்றுவதும் பேக்கரின் வழக்கம்.

மரங்களுக்காகச் சுவர் வளைவதையும் சொல்ல வேண்டும். 1971-இல் தொடங்கி, திருவனந்தபுரத்தின் ‘உள்ளூர்’ என்ற பகுதியில் பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம் சிறிய வீடல்ல. ஆனால் நிற்கும் மரத்தை விட்டுச் சுவரை வளைத்துக் கொண்டுபோவது எப்படி என்பதை அங்கே நன்றாகப் பார்க்கலாம். சிறு மனையில் ஒரு வேம்போ பலாவோ நின்றால், வீட்டை அதன் கிழக்கே தள்ளி வைத்தால் போதும். மேற்கு வெயிலை அது தாங்கிக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் இந்த முறையை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா என்ற மரபு வீடுகளின் காட்சியகத்துக்கு அடிப்படைத் திட்டம் தந்தவரும் பேக்கர்தான். அங்கே பல ஊர் வீடுகள் அந்தந்த ஊரின் பொருளோடு நிற்கின்றன. காவிரிப் படுகைக்குச் செங்கல் பொருந்தும், புதுக்கோட்டைப் பக்கம் செம்புராங்கல், கொடைக்கானலுக்குக் கருங்கல். நாகப்பட்டினம், கடலூர் போன்ற புயல் கரைகளில் நீண்ட இறவாணத்தைக் காற்று தூக்கிவிடும். அங்கே வீட்டுக் கூரையைக் குறைவாக நீட்டி, தனித் தூண்களில் நிற்கும் தாழ்வாரத்தைத் தனிக் கூரையாக அமைப்பது பாதுகாப்பு. தாழ்வாரம் போனாலும் வீட்டுக் கூரை தப்பும். கொசு மிகுந்த இடத்தில் ஜாலியின் உள்பக்கம் வலை அடிக்காமல் குடியிருக்க முடியாது.

செங்கல்லைப் பூசாமல் விடுவதற்கு முன் அதைச் சோதித்தாக வேண்டும். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். உலர்ந்த கல்லை எடைபோட்டு, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து மறுபடி எடைபோட்டால், எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. உவர் மணலும் உவர் நீரும் கலந்த சாந்தில் சுவர் எழுப்பினால் வெள்ளையாக உப்புப் பூத்துக் கல் பொரியும். இந்தச் சோதனையில் தேறாத கல்தான் அந்த ஊரில் கிடைக்கிறது என்றால், சுண்ணாம்புச் சாந்து பூசி, ஊர் மண்ணின் நிறத்திலேயே வண்ணம் கலந்து அடிப்பது சரியான வழி.

(தொடரும்)