வேரைப் பார்த்து வாங்குங்கள்

தக்காளித் தோட்டத்தில் அங்கங்கே திட்டுத் திட்டாகச் செடிகள் மஞ்சளித்து நிற்கும். மண்ணில் ஈரம் இருந்தும் உச்சிவெயிலில் இலை தொங்கும். பொழுது சாய்ந்ததும் நிமிரும். தண்ணீர் போதவில்லை என்று ஒரு தண்ணீர் கூடுதலாகக் கட்டுவோம். சத்துக் குறைவு என்று உரக்கடைக்காரர் யூரியாவும் நுண்ணூட்டமும் எடுத்துக் கொடுப்பார். அதிலும் பச்சை திரும்பாவிட்டால் ஒரு பூஞ்சாண மருந்து. இந்தச் செலவுக்கெல்லாம் முன்னால், ஒரு செடியை வேர் அறாமல் தோண்டி வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். வேர் நெடுக உருண்டை உருண்டையாக முடிச்சு இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை.

பயறுவகைச் செடிகளில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். அவற்றின் வேரில் தழைச்சத்து சேர்க்கும் நல்ல முடிச்சும் உண்டு. அது வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் உரசினால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு அப்படி உதிராது. வேரே வீங்கிப்போனதுதான் அது. பிய்த்தால் வேரும் சேர்ந்து வரும்.

முட்டையிலிருந்து வரும் இளம்புழு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது; கண்ணுக்குத் தெரியாது. அதன் வாயில் துளையுள்ள ஓர் ஊசி இருக்கிறது. வேர்நுனிக்குச் சற்று மேலே குத்தி உள்ளே நுழைந்து, செல்களுக்கு இடையே ஊர்ந்து, நீரும் உணவும் ஓடும் நடுப்பகுதியை அடைகிறது. அங்கே ஏழெட்டுக்கு மேற்படாத சில செல்களைத் தேர்ந்தெடுத்து, ஊசி வழியாகத் தன் சுரப்புநீரைச் செலுத்துகிறது. அதன்பின் அந்தச் செல்களின் உட்கரு மட்டும் திரும்பத் திரும்பப் பிளக்கும், செல் பிளக்காது. ஒவ்வொன்றும் பல உட்கருக்களோடு ராட்சத செல்லாகப் பெருத்துவிடும். செடி இலையில் தயாரித்து அனுப்பும் சர்க்கரையும் அமினோ அமிலமும் இந்தச் செல்களை நோக்கித் திரும்புகின்றன. தெருக்குழாயில் மோட்டார் பொருத்தி உறிஞ்சுகிறவர் வீட்டுக்கு மட்டும் தண்ணீர் கொட்டி, மற்ற வீடுகள் காய்வதைப்போலத்தான் இதுவும். சுற்றியுள்ள செல்களும் பெருகுவதால் முடிச்சு உண்டாகிறது. நீர்க்குழாய்கள் சிதைவதால் ஈர மண்ணிலும் செடி வாடுகிறது.

பெண்புழு அந்த இடத்தைவிட்டு நகராமல் பேரிக்காய் வடிவில் பருத்து, பசைபோன்ற பொதியில் முந்நூறு முதல் ஐந்நூறு முட்டைகள் வரை இடும். பரவலாகக் காணப்படும் இனத்துக்கு ஆண்புழுவே தேவையில்லை. வெதுவெதுப்பான மண்ணில் ஒரு தலைமுறை முடிய ஒரு மாதம் போதும். ஒரு தக்காளிப் பட்டத்துக்குள் மூன்று நான்கு தலைமுறை பெருகிவிடும். புழு போட்ட காயத்தின் வழியே வாடல் நோய்க் கிருமிகளும் நுழையும்.

இத்தனை கெடுதல் செய்யும் புழு தன் பலத்தில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மீட்டர் நகர்ந்தாலே பெரிது. ஊர்விட்டு ஊர் அதைக் கொண்டுபோவது நாம்தான்: நாற்று, ஒட்டுக்கன்று, வாழைக்கிழங்கு, விதைக்கிழங்கு, டிராக்டர் கொழுவில் ஒட்டிய மண். நீலகிரியில் உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961இல் கண்டறியப்பட்டது. அந்தக் கூடு மண்ணில் இருபது ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். அதே புழு வட மாநிலங்களில் தென்பட்டதால், 2018இல் இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் ஆகியவற்றிலிருந்து விதைக்கிழங்கு வெளியே செல்ல மத்திய அரசு தடை போட்டது. திண்டுக்கல் மாவட்டம் ஆயக்குடியின் கொய்யாத் தோட்டங்களில் கண்டறியப்பட்ட புதிய வேர்முடிச்சு இனமும் கன்றுகளின் வேரிலும் தொட்டி மண்ணிலும் ஒட்டிப் பரவக்கூடியது. கொய்யாவில் இது வந்தபின் முழுக்க ஒழிக்க வழியில்லை. அடக்கி வைக்கலாம், அவ்வளவுதான்.

ஆகவே நாற்றுப்பண்ணையில்தான் முதலில் விழிப்பாக இருக்க வேண்டும். பணம் கொடுக்கும் முன் நாலைந்து கன்றின் பையைக் கிழித்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். கிழித்த கன்றுக்குக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள். காட்ட மறுத்தால் வேறு பண்ணைக்குப் போய்விடுங்கள். 1966ஆம் ஆண்டு விதைகள் சட்டத்தில் ‘விதை’ என்ற சொல் நாற்று, கிழங்கு, ஒட்டுக்கன்று எல்லாவற்றையும் சேர்த்தே குறிக்கிறது. விற்பவர் 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி உரிமம் வைத்திருக்க வேண்டும், ரசீதும் தர வேண்டும். துண்டுச்சீட்டில் தொகை மட்டும் எழுதித் தருவதை ஏற்காதீர்கள். ரகம், எண்ணிக்கை, தேதி, உரிம எண் இருக்கட்டும். குறை இருந்தால் விதை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் தரலாம்.

விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012இல் தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். வழிகாட்டுதலுக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஆனால் ஆணையத்தில் எதிர்த்தரப்பு முதலில் கேட்கப்போவது, “புழு உங்கள் நிலத்திலேயே இருந்திருக்கலாமே?” என்பதுதான். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் உங்கள் கையில் இருக்க வேண்டுமென்றால், நடுவதற்கு முன்பே நிலத்து மண்ணை நூற்புழுவுக்காகப் பரிசோதித்து அறிக்கை வாங்கி வையுங்கள். வாங்கிய கன்றுகளில் சிலவற்றை நடாமல் பையோடு தனியே வையுங்கள். இறக்கிய அன்றே வேரைப் படம் எடுத்துவிடுங்கள். நட்டு ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தால் பெரிதாக எதையும் நிரூபிக்க முடியாது.

விதைப் பொட்டலத்தில் ‘நூற்புழு எதிர்ப்புத்திறன்’ என்று அச்சிட்டிருப்பதையும் அளவோடுதான் நம்ப வேண்டும். தக்காளியில் அந்தத் திறனைத் தரும் மரபணு, மண்ணின் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் தளர்ந்துவிடுகிறது. நம் ஊர்க் கோடையில் அது எந்த மூலைக்கு? ஆயக்குடியில் கண்ட இனத்தை அது தடுப்பதே இல்லை.

அடுத்த ஆபத்து, புழுவைக் கொல்ல மண்ணில் இடும் குருணை மருந்து. ஃபோரேட் 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடை. கார்போபியூரானில், குறிப்பிட்ட பயிர்களுக்கு மட்டும் ஒப்புதல் பெற்ற 3 விழுக்காடு உறையிட்ட குருணை தவிர மற்றவற்றை 2023இல் நிறுத்தினார்கள். பழைய சரக்கைத் தள்ளிவிட நினைக்கும் கடை எங்காவது இருக்கும். உறையில் உங்கள் பயிரின் பெயர் இல்லையென்றால் வாங்காதீர்கள். சிவப்பு முக்கோணம் கடும் நஞ்சைக் குறிக்கும். குருணையை வெறுங்கையால் தூவியவருக்கு வியர்வை, எச்சில் ஒழுகல், வாந்தி, கண்மணி சுருங்குதல் கண்டால் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். மருந்தின் உறையையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். நூற்புழு மருந்தின் வரலாறே சற்றுக் கசப்பானது. டைப்ரோமோகுளோரோபுரொப்பேன் என்ற மருந்தைத் தயாரித்த கலிஃபோர்னியா ஆலைத் தொழிலாளர் பலருக்கு மலட்டுத்தன்மை வந்தது 1977இல் வெளிப்பட்ட பிறகுதான் அதன் பயன்பாடு ஒடுங்கியது.

புழு ஏற்கெனவே வந்துவிட்ட நிலத்தில் கோடை உழவு நல்ல ஆரம்பம். நாற்றங்கால் மேடையை நனைத்து, கண்ணாடிபோன்ற பாலிதீன் தாளால் நான்கு முதல் ஆறு வாரம் மூடி வைத்தால் வெயிலிலேயே பெரும்பகுதி அழியும். பெரிய நிலத்துக்குத் தாள் செலவு கட்டுப்படியாகாது. செண்டுமல்லி, எள், சணப்பை ஆகியவற்றைப் பயிர்ச்சுழற்சியில் சேருங்கள். வேப்பம்புண்ணாக்கு ஏக்கருக்கு 100 கிலோ போடலாம். முட்டையைத் தின்னும் பர்ப்யூரியோசிலியம் பூஞ்சாணத்தை மக்கிய தொழுவுரத்தில் கலந்து இட்டால் மெதுவாகத்தான் பலன் தெரியும், ஆனால் நிலைக்கும்.

உரப் பரிந்துரைக்காக மண்ணைக் காயவைத்து அனுப்புவோமே, நூற்புழுச் சோதனைக்கு அப்படிச் செய்தால் புழு செத்துவிடும். வாடிய செடியையும் வாடாத செடியையும் சுற்றி, முக்கால் அடி ஆழம்வரை வேரோரமாக ஈர மண் கால் கிலோவும் கொஞ்சம் சல்லிவேரும் எடுங்கள். பாலிதீன் பையில் கட்டி, பயிரும் தேதியும் எழுதி, நிழலில் வைத்து, மறுநாளே அனுப்புங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவியல் துறை இருக்கிறது. வேளாண் அறிவியல் நிலையத்திலோ 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்திலோ கேட்டால், பக்கத்தில் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். அறிக்கை கைக்கு வரும்வரை உரக்கடைப் பக்கம் போகாதீர்கள்.