வரி அங்கே, சுமை இங்கே

வெளிநாடு ஒன்று இறக்குமதி வரியை உயர்த்தினால் மலேசியத் தோட்டக்காரருக்கு என்ன கவலை என்று சிலர் கேட்பதுண்டு. நம் செம்பனையையே எடுத்துக்கொள்வோம்.

நம் செம்பனை எண்ணெயை அதிகம் வாங்கும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. 2018 மார்ச்சில் அந்நாடு, கச்சா செம்பனை எண்ணெய்க்கான வரியை 30 விழுக்காட்டிலிருந்து 44 விழுக்காட்டிற்கும், சுத்திகரிக்கப்பட்ட எண்ணெய்க்கான வரியை 40 விழுக்காட்டிலிருந்து 54 விழுக்காட்டிற்கும் உயர்த்தியது. தங்கள் கடுகு, சோயா விவசாயிகளுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால், வரி கூடினால் அங்கே நம் எண்ணெயின் விலை ஏறும். வாங்குபவர் குறைவாக வாங்குவார். அல்லது வேறு எண்ணெய்க்கு மாறுவார். அவரைத் தக்கவைக்க ஏற்றுமதியாளர் விலையைக் குறைப்பார். அந்த இழப்பை ஆலையின் மீது போடுவார். ஆலை அதைத் தோட்டக்காரர் மீது போடும். தோட்டக்காரர் யார் மீது போடுவார்? நல்ல விலை வரட்டும் என்று குலைகளை அடுக்கி வைக்கவும் வழியில்லை. அறுத்த குலை விரைவில் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் கெட்டுவிடும். விலை இறங்கியது என்பதற்காக உரச் செலவும் ஆள் கூலியும் இறங்குவதில்லை.

ஒரு நாட்டு விவசாயிக்காகப் போடும் வேலி, இன்னொரு நாட்டு விவசாயியின் வழியை அடைத்துவிடுகிறது. ஒரே சந்தையை நம்பியிராமல் பல நாடுகளுக்கும் விற்பதே நமக்குப் பாதுகாப்பு.