கேலக்ஸியின் வயதைச் சொல்லும் புறஊதாக் கதிர்

ஏதாவது ஒரு ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் திறந்து பாருங்கள். 'கிரியேட்டட்' என்று ஒரு தேதியும் 'மாடிஃபைட்' என்று இன்னொரு தேதியும் இருக்கும். முதலாவது ஃைபல் உருவான நாள். அடுத்தது அதில் கடைசியாக மாற்றம் செய்த நாள். புறஊதாக் கதிரை வைத்து கேலக்ஸியின் வயதைக் கணிக்கிறார்கள் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த 'மாடிஃபைட்' தேதிதான் நினைவுக்கு வரும்.

சூரியனைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரங்கள் கடும் சூட்டில் எரியும், புறஊதாவைக் கொட்டும், சில பத்து லட்சம் ஆண்டுகளில் முடிந்தும் போகும். சூரியனின் ஆயுளோ சுமார் 1,000 கோடி ஆண்டுகள். ஆகவே புறஊதா தூக்கலாக இருந்தால், அந்த கேலக்ஸியில் அண்மையில் நட்சத்திரங்கள் பிறந்துள்ளன என்று பொருள். கேலக்ஸி எப்போது உருவானது என்பதை இது சொல்லாது. செய்திகளில் இந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கதிர்களில் பெரும்பகுதியை நம் ஓசோன் படலம் தடுத்துவிடும். எனவே 2003 ஏப்ரலில் நாசா 'கேலெக்ஸ்' என்ற விண்வெளித் தொலைநோக்கியை அனுப்பியது. கண்ணாடியின் விட்டம் 50 செ.மீ. மட்டுமே. 2013 வரை இயங்கிய அது, வானத்தை இரண்டு புறஊதாப் பட்டைகளில் (135-175, 175-280 நானோமீட்டர்) படம் பிடித்தது. இரண்டிலும் கிடைக்கும் ஒளியை ஒப்பிட்டால் வயது தெரியவரும்.

நீங்களே பார்க்கலாம். 'அலாடின் லைட்' பிரவுசரிலேயே இயங்கும், இலவசம். தேடும் கட்டத்தில் எம்83 என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். சாதாரணப் படத்தைப் பார்த்துவிட்டு, லேயரை கேலெக்ஸுக்கு மாற்றுங்கள். வெறும் இருட்டாகத் தெரிந்த வெளி விளிம்பில் நீலத் திட்டுகள் முளைக்கும். எல்லாம் இளம் நட்சத்திரக் கூட்டங்கள்! வாயு மிகக் குறைவான அந்த விளிம்பில் நட்சத்திரம் பிறக்கும் என்று விஞ்ஞானிகள் எதிர்பார்க்கவில்லை.

ஏமாறவும் வாய்ப்புண்டு. தூசி புறஊதாவை விழுங்கிவிடும். இளம் கேலக்ஸி கிழடாகத் தெரியும். அதற்காகத்தான் அகச்சிவப்புப் படத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மறுபக்கம், சில முதிய நீள்வட்ட கேலக்ஸிகளில் அந்திமக் காலத்து நட்சத்திரங்கள் சூடேறிப் புறஊதாவை வீசி, இளமை வேஷம் போடும்.

மிகத் தொலைவில் இருப்பவற்றுக்குப் புறஊதாத் தொலைநோக்கி உதவாது. பிரபஞ்சம் விரிவதால் வழியிலேயே ஒளியின் அலைநீளம் இழுபட்டுவிடும். 2024-இல் அறிவிக்கப்பட்ட 'ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0' கேலக்ஸியின் ஒளி சுமார் 15 மடங்கு நீண்டிருந்தது. புறஊதாவாகப் புறப்பட்டதை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்பாகத்தான் பிடித்தது.